‘எட்டுக் கண்ணாடி’ லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரங்கூனில் பழைய மேனுவல் (கையால் திருகி ஃபோகஸ் செய்கிற) கேமரா லென்ஸ் தேடி அலைகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். பர்மாக் காசு 3 லட்சத்து 80 ஆயிரம் சாட் கொடுத்துவிட்டு வயிறெரிந்து எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். கடைக்காரரும் நம்ம ஆள்தான், அதுதான் கூடுதல் எரிச்சல்.

போன மழைக்காலம். கடையில் கரண்ட் இல்லை. கடைக்கார அண்ணன் உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். சூப்பர் டக்குமர் 50 மி.மீ., எஃப் 1.4. ஜப்பானின் அசாஹி கம்பெனி செய்தது, கேமராவில் திருகி மாட்டுகிற எம்42 மரை. “தம்பி, இது எட்டுக் கண்ணாடி. சும்மா கிடைக்காது” என்றார்.

என் கேமரா சோனி ஏ7 மார்க் 2. வேறு மரை லென்ஸை மாட்ட உதவும் அடாப்டரோடு மாட்டிப் பொத்தானை அழுத்தினால் ஷட்டர் விழவே இல்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே கேமராவை வாங்கி மெனுவுக்குள் போனார், லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்க விடுகிற செட்டிங்கைப் போட்டார். கிளிக். அவ்வளவுதான், அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்வாரா என்று ஒரு எண்ணம்.

கண்ணாடி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்கத்தான் செய்தேன். “அது ஸ்பெஷல் கோட்டிங். எட்டுக் கண்ணாடிக்கு மட்டும்தான் வரும்” என்றார். எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். மஞ்சளே தெரியவில்லை. எப்படித் தெரியும்? படத்தின் நிறத்தைத் தானே திருத்துகிற கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைச் சரிக்கட்டிவிடும். இது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். இந்த லென்ஸில் இரண்டு வகை உண்டு. 1964-இல் வந்த முதல் வகையில் 8 கண்ணாடிகள். கொஞ்ச காலம்தான் செய்தார்கள், அதனால் விலை அதிகம். அடுத்து வந்ததில் 7. அந்த ஏழில் ஒளிவிலகலைக் கூட்டுவதற்காகத் தோரியம் கலந்த கண்ணாடி ஒன்று பின்பக்கம் இருக்கிறது. தோரியத்தின் கதிர்வீச்சே அந்தக் கண்ணாடியை வருஷக்கணக்கில் மஞ்சளாக்கிவிடும். எட்டில் தோரியம் கிடையாது. ஆக, ‘ஸ்பெஷல் கோட்டிங்’ என்று அவர் காட்டிய மஞ்சளே அது எட்டு இல்லை என்பதற்குச் சாட்சி! லென்ஸ் மேலேயே இன்னொரு அடையாளமும் உண்டு: இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) படத்துக்கு ஃபோகஸ் வைப்பதற்கான சின்னச் சிவப்புக் கோடு. ஃபோகஸ் அளவுகோலில் அது 4 என்ற எண்ணுக்கு வலப்பக்கம் இருந்தால் எட்டு, இடப்பக்கம் இருந்தால் ஏழு. என்னுடையது இடப்பக்கம்.

சரி, ஏழும் நல்ல லென்ஸ்தான், விலைதான் கூடக் கொடுத்துவிட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கோயிலில் தீபாராதனையை எடுத்துப் பார்த்தபோது கற்பூரச் சுடரைச் சுற்றி ஒரு வெண்புகை. அம்மன் முகமே கரைந்துபோயிருந்தது. பழைய லென்ஸின் அழகே இதுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், நண்பர்களிடமும் பெருமையடித்தேன். வெட்கக்கேடு.

ஒரு ராத்திரி அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, 1.4-க்கு முழுதாகத் திறந்து, முன்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்துப் பின்பக்கம் வழியாகப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்ட வெள்ளை இழைகள். பூஞ்சை. கடையிலும் டார்ச் அடித்துத்தான் காட்டினார். ஆனால் ஏ–எம் (ஆட்டோ–மேனுவல்) பொத்தானை எம்-மில் தள்ளி, அபெர்ச்சர் வளையத்தை மிகச் சின்னத் துவாரமான 16-இல் வைத்திருந்தார். மிளகு அளவு ஓட்டை வழியாகப் பார்த்தால் கண்ணாடியின் நடுப்பகுதி மட்டும்தானே தெரியும்? ஓரத்தில் ஊரே குடியிருந்திருக்கிறது.

திருப்பிக் கொண்டுபோனேன். “உங்க அடாப்டர்தான் சரியில்லை” என்றார். எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், சோனிக்கு 18. நடுவில் இருக்கிற மீதித் தூரத்தை நிரப்பும் வெறும் குழாய்தான் என் அடாப்டர். உள்ளே கண்ணாடியே இல்லாத குழாயில் பூஞ்சை எப்படி வரும் என்று கேட்டேன். “மழைக்காலம் தம்பி, உங்க வீட்டில் பிடித்திருக்கும்” என்றார். ஒன்பதே நாளில்! பணம் வரவில்லை. போகும்போது ஒரு மூடியை இனாமாகக் கொடுத்தார், அதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

மஞ்சளுக்கு வைத்தியம் உண்டு. புற ஊதா ஒளி பட்டால் வெளுக்கும். ஐப்பசிக்கு மேல் வெயில் தலைகாட்டியதும் ஜன்னலில் அலுமினியத் தாளைப் பின்னால் வைத்து நிறுத்தினேன், மூன்று வாரத்தில் பாதி குறைந்தது. கவனம், சூரியன் நேராக விழுந்தால் இது பூதக்கண்ணாடி. எங்கள் வீட்டுப் பாயில் ஒரு கருகல் வட்டம் இருக்கிறது. பூஞ்சைதான் போகவில்லை. மெக்கானிக் கழற்றித் துடைத்துவிட்டு, “கோட்டிங்கை அரித்துவிட்டது, தடம் அப்படியேதான் இருக்கும்” என்று கையை விரித்துவிட்டார்.

வாங்கப் போனால் பகலில் போங்கள். வளையத்தை நீங்களே திருகி முழுதாகத் திறந்து, வெள்ளைத் தாள்மேல் வைத்தும் டார்ச் அடித்தும் பாருங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிராக ஒரு படம் எடுங்கள். முடியாது என்றால் கிளம்பிவிடுங்கள்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். ஷோகேஸில் இன்னொரு ‘எட்டுக் கண்ணாடி’ உட்கார்ந்திருக்கிறது. வெளியே நின்றே பார்த்தேன், சிவப்புக் கோடு 4-க்கு இடப்பக்கம்தான்.