மௌசல் மொழி நடை: வழிகாட்டிச் சேவை பற்றிய மதிப்புரை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் மேற்குக் கோடியிலுள்ள மௌசல் மீன்பிடித் துறையிலிருந்து மேட்டிலுள்ள பால் என்னும் சிற்றூரின் தேவாலயம் வரை, அந்நிலத்தின் பழைய மொழியான கார்னிஷ் தேய்ந்த வரலாற்றைச் சொல்லியபடி அழைத்துச் செல்லும் சிறிய வழிகாட்டிச் சேவை இது. மொழி வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் தயங்காமல் பதிவு செய்யலாம்.

சேவையின் பெருஞ்சிறப்பு, தொடக்கத்திலேயே கையில் தரப்படும் வரைபடம். 10ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசர் ஏதல்ஸ்டன் டேமர் ஆற்றைக் கார்ன்வாலின் கிழக்கு எல்லையாக வகுத்ததையும், பின்னர் மொழியின் எல்லை அந்த ஆற்றை விட்டு மேற்கே நகர்ந்துகொண்டே வந்ததையும் வழிகாட்டி ஊர்ப்பெயர்களைக் கொண்டே நிறுவினார். குடியிருப்பைக் குறிக்கும் முன்னொட்டு கிழக்கே 'போட்' என்று உறைந்து நிற்க, மொழி நீண்ட காலம் வாழ்ந்த மேற்கில் அது 'பாஸ்' என மாறியிருப்பதைக் காணலாம். பிறகு துறைமுகச் சுவரருகே நின்று, வளைகுடாவுக்கு அப்பால் தெரியும் லிசார்ட் தீபகற்பத்தைச் சுட்டிக்காட்டி, 1700ஆம் ஆண்டில் மொழி ஆய்வாளர் எட்வர்ட் லூயிட் வந்தபோது மொழி ஏறத்தாழ இந்த முனைகளுக்குள் ஒடுங்கிவிட்டிருந்தது என்றார். அந்த இடத்தில் வரைபடம் கண்முன் விரிந்தது.

காரணங்களைச் சொல்லும் பகுதிதான் ஏமாற்றம் தந்தது. பென்ரினில் 1265இல் நிறுவப்பட்டுக் கார்னிஷ் சமய நாடகங்களோடு நெருங்கிய தொடர்புடையதாகக் கருதப்படும் கிளாஸ்னி என்னும் குருமார் கல்லூரி 1548இல் மூடப்பட்டதையும், மறு ஆண்டே ஆங்கில வழிபாட்டு நூலைத் திணித்ததை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி குருதியில் அடக்கப்பட்டதையும் இரண்டே வாக்கியங்களில் கடந்துவிட்டார்கள். கார்னிஷின் உறவு மொழியான வேல்ஸ் மொழிக்கு 1588இல் முழு விவிலியமும் கிடைத்தது. கார்னிஷுக்கு வழிபாட்டு நூல்கூட அச்சாகவில்லை. இந்த வேறுபாட்டை விளக்காமல் ஒரு மொழியின் வீழ்ச்சியை எப்படிப் புரியவைக்க முடியும்?

நடை முடியும் இடத்தில், கார்னிஷின் கடைசிப் பேச்சாளர் என்று பரவலாகச் சொல்லப்படும், 1777இல் இறந்த டாலி பென்ட்ரீத்துக்கு 1860இல் மொழி ஆய்வாளர் லூயி லூசியன் போனபார்ட் எழுப்பிய நினைவுக்கல் இருக்கிறது. அங்கே பென்ட்ரீத்தோடு கதையை முடித்துவிடாமல், 1776இல் கார்னிஷிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதிய மீனவர் வில்லியம் போடினாரைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னது பாராட்டுக்குரியது. சிறுவயதில் முதியவர்களோடு கடலுக்குச் சென்றே அவர் மொழியைக் கற்றார். ஹென்றி ஜென்னர் 1904இல் வெளியிட்ட கார்னிஷ் மொழிக் கையேட்டிலிருந்து தொடங்கும் மறுமலர்ச்சிக்கும் சில நிமிடங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

மேடேறும் பாதை சற்றுச் செங்குத்தானது என்பதால் முதியவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பென்ரினையும் சேர்த்து முழுநாள் நடையாக விரிவாக்கினால், கூடுதல் கட்டணம் செலுத்தியும் மீண்டும் வருவேன்.