பாடநூல் கணக்கா, பழைய வினாத்தாளா, நம்மூர் விலையா?

சேலத்தில் பொருளியல் படிக்கிறவர்களுக்குப் பன்னாட்டு வணிகம், பேரினப் பொருளியல், அடிப்படைப் புள்ளியியல் மூன்றிலும் கணக்குப் போட்டுப் பழக மூன்று வழிகள் உண்டு. பாடநூலில் அத்தியாய முடிவில் வரும் கணக்குகள் ஒன்று. பல்கலைக்கழகத் தேர்வு, நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), ஜாம் (ஐ.ஐ.டி. போன்றவற்றில் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) போன்றவற்றின் பழைய வினாத்தாள்கள் இன்னொன்று. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு, ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி, ஏற்காட்டுக் காபி என்று நம்மூர்ச் சரக்கை வைத்து நாமே அமைத்துக்கொள்ளும் கணக்கு மூன்றாவது. பலர் இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று பாடத்தையும் அதிலேயே ஓட்டப் பார்க்கிறார்கள். அது சரிப்படாது. பாடத்துக்குப் பாடம் மட்டுமில்லை, ஒரே பாடத்துக்குள் தலைப்புக்குத் தலைப்பு எந்த வழி உதவும் என்பது மாறுகிறது. கீழே வரும் விலைகளும் அளவுகளும் கணக்குக்காக வைத்தவை, இன்றைய சந்தை நிலவரம் அல்ல.

பன்னாட்டு வணிகம்

ஒப்பீட்டுச் செலவில் தொடங்குகிறவர் பாடநூலை விட்டு நகரக் கூடாது. 1817-இல் ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ கொடுத்த எண்களே இன்றும் நல்ல முதல் கணக்கு: குறிப்பிட்ட அளவு ஒயின் செய்யப் போர்ச்சுகலுக்கு ஓராண்டுக்கு 80 ஆள், துணிக்கு 90 ஆள், இங்கிலாந்துக்கு ஒயினுக்கு 120, துணிக்கு 100. போர்ச்சுகலில் ஓர் அலகு ஒயினின் வாய்ப்புச் செலவு (அதற்காகக் கைவிட வேண்டிய துணி) 80/90, அதாவது 0.89 அலகு துணி. இங்கிலாந்தில் 120/100, அதாவது 1.2. இரண்டு சரக்கிலும் போர்ச்சுகலுக்கே ஆள் குறைவு. ஆனாலும் அது ஒயினில் நின்றால் இரண்டு நாட்டுக்கும் ஆதாயம். பரிமாற்ற விகிதம் 0.89-க்கும் 1.2-க்கும் நடுவில் எங்காவது அமையும்.

இங்கே மாணவர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். அடுத்த கணக்கில் அட்டவணை 'ஓர் அலகுக்கு எத்தனை ஆள்' என்பதற்குப் பதிலாக 'ஓர் ஆள் எத்தனை அலகு' என்று மாறியிருக்கும். முதல் வகையில் சிறிய எண் திறமையைக் காட்டும், இரண்டாவதில் பெரிய எண். வகுத்தலும் தலைகீழாகும். வகுப்பதற்கு முன் அட்டவணையின் தலையில் அலகை எழுதிவிட்டால் இந்தப் பிழை பாதிக்கு மேல் ஒழியும். பாடநூல் இரண்டு வகையையும் அடுத்தடுத்துக் கொடுக்கும். வினாத்தாளில் அப்படி வரிசையாக வராது.

இதே தலைப்புக்கு நம்மூர்க் கணக்கு அமைக்கப் போனால் ஆபத்து. 'ஏற்காட்டில் காபி, அடிவாரத்தில் மரவள்ளி, எது எதில் நிற்க வேண்டும்?' என்று கேட்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மலையில் கூலி கூடினால் அடிவாரத்து ஆள் காலைப் பேருந்தில் ஏறி வந்துவிடுவார். உழைப்பும் மூலதனமும் தாராளமாக நகரும் இடத்தில் ரிக்கார்டோவின் வாதம் நிற்காது. யார்க்ஷயரில் லாபம் கூடினால் லண்டனின் மூலதனம் அங்கே போய்விடும், நாடுகளுக்கு இடையில் அப்படி நடப்பதில்லை என்று அவரே பிரித்துச் சொல்கிறார். இந்த வேறுபாட்டைத் தொலைத்த கணக்கு விடையைச் சரியாகத் தந்துவிட்டுக் கருத்தைக் கெடுத்துவிடும்.

இறக்குமதி வரிக் கணக்குக்கும் பாடநூல் பாணியே சிறந்தது. தேவை 120 − 2வி, அளிப்பு 2வி − 20 ('வி' என்பது விலை), உலக விலை 20, வரி 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உலக விலையை அசைக்க முடியாத சிறிய நாடு. வரிக்கு முன் தேவை 80, உள்நாட்டு அளிப்பு 20, இறக்குமதி 60. வரிக்குப் பின் விலை 25, தேவை 70, அளிப்பு 30, இறக்குமதி 40. நுகர்வோர் உபரி (தர மனமிருந்த விலைக்கும் தந்த விலைக்கும் உள்ள வேறுபாடு) இழப்பு (80+70)/2 × 5 = 375. உற்பத்தியாளருக்குக் கூடியது (20+30)/2 × 5 = 125. அரசின் வரி வருவாய் 40 × 5 = 200. மீதி 50 யாருக்கும் சேராத நட்டம். படத்தில் இரண்டு பக்கமும் இருக்கும் முக்கோணங்களின் பரப்பும் ஒவ்வொன்றும் 25 என்று வந்து இதைச் சரிபார்த்துக் கொடுக்கும்.

அடிக்கடி வரும் பிழை, வரி வருவாயைப் பழைய இறக்குமதி 60-ஆல் பெருக்கி 300 என்று போடுவது. அப்போது 375 − 125 − 300 = −50, அதாவது வரி போட்டதால் நாட்டுக்கு 50 லாபம் என்று வரும். சிறிய நாட்டுக் கணக்கில் எதிர்க்குறி வந்தாலே எங்கோ தவறு என்று நிறுத்திவிட வேண்டும். பெரிய நாடாக இருந்தால் வாணிப வீதம் (ஏற்றுமதி விலைக்கும் இறக்குமதி விலைக்கும் உள்ள விகிதம்) சாதகமாகத் திரும்பி உண்மையிலேயே லாபம் வரலாம். ஆகையால் கேள்வியில் 'சிறிய' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

நம்மூர்க் கணக்கு பாடநூலைத் தோற்கடிக்கும் இடம் பயனுறு பாதுகாப்பு வீதம், அதாவது வரிகளால் உள்நாட்டு மதிப்புக் கூட்டல் எத்தனை சதவீதம் கூடுகிறது என்பது. பாடநூல்கள் இதற்கு ஒரு சூத்திரமும் ஒரு கணக்கும் கொடுத்துவிட்டுப் போய்விடும். கொலுசை எடுத்துக்கொண்டால் விஷயம் கையில் வந்துவிடும், ஏனென்றால் அதன் விலையில் பெரும்பங்கு வெள்ளி. பட்டறையில் கூடும் மதிப்பு சிறியது. வரியில்லா உலக விலையில் கொலுசு 100, அதற்குள் இருக்கும் வெள்ளி 80, மதிப்புக் கூட்டல் 20 என்று வைப்போம். கொலுசு இறக்குமதிக்கு மட்டும் 10% வரி போட்டால் உள்நாட்டு விலை 110, மதிப்புக் கூட்டல் 30. பட்டறைக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு 10% இல்லை, 50%. வெள்ளிக்கும் 10% போட்டால் மூலப்பொருள் 88, மதிப்புக் கூட்டல் 22, பாதுகாப்பு 10%. வெள்ளிக்கு 15% போட்டால் மூலப்பொருள் 92, மதிப்புக் கூட்டல் 18. கொலுசுக்கு 10% வரி இருந்தும் பட்டறைக்குப் பாதுகாப்பு −10%. மூலப்பொருளின் பங்கை 80-இலிருந்து 40-ஆகக் குறைத்து இதே மூன்று நிலையையும் மறுபடி போட்டுப் பாருங்கள். ஊசலாட்டம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும்போதுதான் சூத்திரத்தின் பொருள் புரியும்.

நாணய மாற்றுக்கு ஏற்காட்டுக் காபி ஏற்றது. அராபிகா உலக விலை ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று வரும், இங்கே 50 கிலோ மூட்டைக் கணக்கு. பவுண்டுக்கு 200 சென்ட், டாலர் 80 ரூபாய், ஒரு பவுண்டு 0.4536 கிலோ என்றால் கிலோவுக்கு சுமார் ரூ.352.70, மூட்டைக்குச் சுமார் ரூ.17,640. டாலர் 84 ஆனால் மூட்டை விலை 5% கூடும். ஆனால் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது 5% அல்ல. 1/80-இலிருந்து 1/84 ஆனதால் 4.76%. இரண்டையும் ஒன்றென எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர்.

வணிகத் தாளுக்குப் பழைய வினாத்தாளின் பயன் வேறு வகை. நெட் தேர்வில் பொருத்துக, காலவரிசைப்படுத்துக போன்ற கேள்விகள் வரும். ஹெக்சர் 1919, ஓலின் 1933, ஸ்டோல்பர்-சாமுவெல்சன் 1941, லியோன்டிஃப் 1953, ரிப்சின்ஸ்கி 1955 என்று வணிகக் கோட்பாட்டாளர்கள் எழுதிய ஆண்டு வரிசை மனதில் இருக்கிறதா என்று சோதிக்க அவை போதும். கணக்குப் பழக அவை போதாது.

பேரினப் பொருளியல்

இங்கே என் வாக்கு பழைய வினாத்தாளுக்கு. பெருக்கி (ஒரு ரூபாய்ச் செலவு மொத்த வருமானத்தை எத்தனை ரூபாய் கூட்டும் என்பது) ஒன்றுதான், வேஷம் பல. இறுதிநிலை நுகர்வு விருப்பம் (கூடுதல் ஒரு ரூபாய் வருமானத்தில் செலவாகும் பங்கு) 0.8 என்றால் எளிய பெருக்கி 5. வருமானத்தில் 25% வரி வந்தால் 0.8 × 0.75 = 0.6, பெருக்கி 2.5. இறுதிநிலை இறக்குமதி விருப்பம் 0.1 சேர்ந்தால் 1/(1 − 0.6 + 0.1) = 2. பாடநூல் 'திறந்த பொருளாதாரம்' என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதைக் கேட்பதால் எதைப் போட வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. வரி நிலையான தொகையா, வருமானத்தின் பங்கா என்பதை ஒரே சொல்லில் ஒளித்து வைத்திருப்பார்கள். அந்தச் சொல்லைப் பிடிக்கும் பழக்கம் கலந்து வரும் தாளில்தான் கிடைக்கும்.

ஆனால் கசிவு (வருமானத்தில் சேமிப்பு, வரி, இறக்குமதி என்று வெளியே போகும் பங்கு) என்பதன் பொருளை உணர ஒரே ஒரு நம்மூர்க் கணக்குப் போடலாம். ஏற்காடு கோடை விழாவுக்கு வருகிறவர் செலவழிக்கும் 1,000 ரூபாயை எடுங்கள். நாட்டு அளவில் இறக்குமதி விருப்பம் 0.1 என்று வைத்தோம். ஒரு மாவட்டத்துக்கு வெளியூர்ச் சரக்கெல்லாம் இறக்குமதிதான்; 0.4 என்று வைத்தால் பெருக்கி 1/(1 − 0.6 + 0.4) = 1.25. ஆயிரம் ரூபாய் 1,250-ஓடு நின்றுவிடும். சுற்றுலாவால் ஊர் வருமானம் ஐந்து மடங்காகும் என்று எழுதும் விடைத்தாள்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

தேசிய வருமானக் கணக்கில் ஜவ்வரிசி நன்றாக உதவும். விவசாயி 40-க்குக் கிழங்கு விற்கிறார். ஆலை 65-க்கு மதிப்புள்ள ஜவ்வரிசி செய்து 50-க்கு விற்கிறது, 15-க்கு உரியது கிடங்கில் நிற்கிறது. கடைக்காரர் அந்த 50-ஐ 62-க்கு விற்கிறார். விற்பனைகளைக் கூட்டினால் 152, அது எதையும் குறிக்காது. மதிப்புக் கூட்டல் 40 + 25 + 12 = 77. செலவு முறையில் இறுதி நுகர்வு 62, சரக்கிருப்பு மாற்றம் 15, மொத்தம் 77. கிடங்குச் சரக்கை ஒரு முறையில் மட்டும் மறந்தவருக்கு இரண்டும் ஒத்துப்போகாது; இரண்டிலும் மறந்தவருக்கு 62 என்று ஒத்துப்போய் ஏமாற்றிவிடும். ஆலையின் மதிப்புக் கூட்டலை 50 − 40 = 10 என்று போடுவதுதான் அந்த மறதியின் வழக்கமான வடிவம். ஐ.எஸ்-எல்.எம், பிலிப்ஸ் கோடு போன்ற முழுப் பொருளாதார மாதிரிகளுக்கு நம்மூர் எண் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

புள்ளியியல்

இதில் நம்மூர் எண்ணுக்கு ஈடில்லை. பாடநூல் எண்கள் குளித்து முழுகி வந்தவை: சராசரி முழு எண்ணாக வரும், விடுபட்ட நாள் இருக்காது, அலகு மாறாது. உழவர் சந்தை விலைப் பலகையிலிருந்து ஒரு மாதத் தக்காளி விலையைக் குறித்துப் பாருங்கள். ஒரு நாள் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று இரண்டு விலை இருக்கும். கீரை கட்டுக் கணக்கில் வரும். ஜவ்வரிசி விலையை எடுத்தால் 90 கிலோ மூட்டைக்கு, கிழங்கு விலையை எடுத்தால் டன்னுக்கு. அதுவும் மாவுச்சத்துப் பாயிண்டை (கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவை) பொறுத்து மாறும். ஒரே நிரலுக்குள் அலகு கலந்திருக்கச் சிதறல் படம் வரைந்தால் ஒட்டுறவு தெரியாமல் போகலாம். எந்தப் பாயிண்ட் கிழங்கு என்று தனி நிரலில் குறித்தால்தான் விலை மாறியது சந்தையாலா, சரக்கின் தரத்தாலா என்று பிரிக்க முடியும்.

ஒரு பொறி மட்டும் உண்டு. அடுத்தடுத்த நாள் விலைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. நேற்று விலை ஏறியிருந்தால் இன்றும் பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும். முப்பது நாள் விலையை முப்பது தனித்தனி மாதிரியாக எண்ணி டி-சோதனை (சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்ப்பது) போட்டால் திட்டப் பிழை பெரும்பாலும் பொய்யாகச் சிறிதாகும், இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தெரியும். விவரிப்புப் புள்ளியியலுக்கும் குறியீட்டெண்ணுக்கும் அந்த விலையை வைத்துக்கொள்ளுங்கள். கருதுகோள் சோதனைக்குப் பாடநூல் கணக்கே நல்லது.

குறியீட்டெண்ணுக்கு வீட்டு மளிகைச் சீட்டு போதும். அடியாண்டில் அரிசி கிலோ 50, 20 கிலோ; தக்காளி 20, 10 கிலோ. இப்போது அரிசி 55, அதே 20 கிலோ. தக்காளி 40, வாங்குவது 5 கிலோ. லாஸ்பியர் முறையில் (அடியாண்டு அளவை வைத்து) 1500/1200, அதாவது 125. பாசே முறையில் (இப்போதைய அளவை வைத்து) 1300/1100, அதாவது 118.2. ஃபிஷர் இரண்டின் பெருக்குச் சராசரி, 121.5. தக்காளி விலை ஏறியதும் வீட்டில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கும் லாஸ்பியருக்கு அது தெரியாது, அதனால்தான் அது கூடுதலாகக் காட்டுகிறது. இதை மனப்பாடம் செய்தவர் பெயர்களை மாற்றிவிடுவார். சீட்டை வைத்துப் போட்டவர் மாற்றமாட்டார்.

பழைய வினாத்தாள் இங்கே உதவுவது வகுத்தி விஷயத்தில். ஏழு நாள் விலை 22, 24, 20, 26, 30, 28, 25. சராசரி 25, விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 70. ஏழால் வகுத்தால் திட்ட விலக்கம் 3.16, ஆறால் வகுத்தால் 3.42. இருக்கும் எண்களை மட்டும் விவரிக்கச் சொன்னால் ஏழு. மாதிரியிலிருந்து முழுத்தொகுதியின் பரவலை மதிப்பிடச் சொன்னால் ஆறு. நெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை, ஆனால் நான்கு விடைகளில் 3.16, 3.42 இரண்டுமே இருக்கலாம். அதனால் வினாத்தாளில் பழகும்போது விடைகளைக் காகிதத்தால் மூடிவிட்டுக் கணக்கை முடிக்க வேண்டும். ஜாமில் விடையை எண்ணாகவே பதியும் பகுதி இருக்கிறது. அங்கே மூடுவதற்கே ஒன்றும் இல்லை. புள்ளியியலுக்கு அந்தப் பகுதிக் கேள்விகளை முதலில் எடுங்கள். கைடு விடைக்குறிப்போடு உங்கள் விடை ஒத்துவராவிட்டால் உடனே அழிக்காதீர்கள். எதை வகுத்தியாக வைத்தார்கள் என்று பார்த்துவிட்டு, தேர்வு நடத்தியவர்களே வெளியிட்ட இறுதி விடைக்குறிப்போடு ஒப்பிடுங்கள்.