பிளக் குழியில் ஆயில்: பேக்கிங்கா, ஓ-ரிங்கா, பிஸ்டன் ரிங்கா?

ஸ்பார்க் பிளக் மாற்றலாம் என்று அதன் மேல் மாட்டியிருக்கும் இக்னிஷன் காயிலைப் பிடுங்கினால், அதன் ரப்பர் முனையில் கருப்பாக ஆயில் வழிகிறது. பார்த்தவுடன் பலருக்கும் வயிறு கலங்கும்: பிஸ்டன் ரிங் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவருக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் சூட்டில் காய்ந்து இறுகியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் சில சமயம் ரிங் வேலையேதான். இந்த இரண்டு வேலைக்கும் ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்குமான தூரம் என்பதால், சாமான் வாங்குவதற்கு முன் ஆயில் எந்த வழியாக வந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, பிளக்கின் எந்தப் பகுதி நனைந்திருக்கிறது என்பதை. மரைக்கு மேலே, அதாவது வெள்ளைப் பீங்கானிலும் ஸ்பேனர் பிடிக்கும் இடத்திலும் மட்டும் ஈரம் என்றால் ஆயில் மேலிருந்து இறங்கியிருக்கிறது. சிலிண்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கீழே எலக்ட்ரோடு நனைந்து, கருப்பாக வழவழவென்று கரி படிந்திருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் எரிகிறது.

இந்த வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. பிளக்கைத் தளர்த்துவதற்கு முன்பே குழியைக் காலி செய்துவிட வேண்டும். அப்படியே கழற்றினால் குழியில் நிற்கும் ஆயில் மரை வழியாக இறங்கி எலக்ட்ரோடையும் நனைத்துவிடும். அப்புறம் மேலே, கீழே என்ற பேச்சுக்கே இடமில்லை. போதாததற்குச் சிலிண்டருக்குள்ளும் ஆயில் விழும். இன்ஜின் ஆறிய பிறகு, சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டி உறிஞ்சி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நேராக முகத்துக்குத்தான் தெறிக்கும்.

பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் மங்கிய பழுப்பு வளையம் ஒன்று தெரிந்தால், அதை லீக் என்று எண்ணிவிடாதீர்கள். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள ஆயில் துகள்களைப் பீங்கானை நோக்கி இழுப்பதால் படியும் கறை அது. தொட்டால் ஈரம் இருக்காது, பிளக்குக்கும் கெடுதல் இல்லை. இதைக் காட்டியே பிளக் செட்டை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஆயில் மேலிருந்துதான் வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இப்போது குழிக்குள் யார் குற்றவாளி? பல இன்ஜின்களில் பிளக் இறங்கும் குழாய், கேம்ஷாஃப்ட் சுழலும் ஆயில் பகுதியின் நடுவே செல்கிறது. குழாயின் தலைப்பக்கம் டேப்பட் கவரோடு சேரும் இடத்தில் ஒரு சீல். அடிப்பக்கம் சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் அல்லது சீலன்ட் பசை. இரண்டில் எது விட்டாலும் ஆயில் வந்து நிற்பது ஒரே குழியில்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கக் குழாயின் சுவரே போதும். குழியை நன்றாகத் துடைத்துவிட்டு, வண்டியைச் சில நாள் வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு காயிலை எடுத்து, மெல்லிய குச்சியில் வெள்ளை டிஷ்யூ சுற்றிக் குழாயின் மேல் விளிம்பை மட்டும் ஒரு சுற்றுத் துடையுங்கள். புது டிஷ்யூ மாற்றி அடியைத் தொடுங்கள். மேல் சீல் விட்டிருந்தால் விளிம்பிலேயே ஆயில் ஒட்டும். டார்ச் அடித்தால் சுவரில் கோடாக வழிந்த தடமும் தெரியும். மேல் டிஷ்யூ காய்ந்து, அடி டிஷ்யூ மட்டும் நனைந்திருந்தால் சந்தேகம் ஓ-ரிங் மேல் திரும்புகிறது. காயிலை எடுக்கும்போது அதன் முனை சுவரில் உரசி ஆயிலைப் பூசிவிடும் என்பதால் நிதானமாக, நேராகத் தூக்க வேண்டும்.

குழாயே ஹெட்டோடு சேர்த்து வார்க்கப்பட்ட இன்ஜின்களில் அடி ஓ-ரிங் என்ற பேச்சே இல்லை, மேல் சீல் ஒன்றுதான். டேப்பட் கவரின் வெளி பேக்கிங் விட்டால் ஆயில் இன்ஜினின் வெளிப்புறமாக இறங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டுக் கருகும் வாடை வரும். கவரைக் கழற்றிய பிறகு, சீலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பேக்கிங்கையே போடுவது வீண் சிக்கனம். இரண்டும் ஒரே சூட்டில் ஒரே காலம் வெந்தவை.

புது சீல் போட்டும் கொஞ்ச நாளில் மறுபடி ஆயில் வருகிறதா? பிசிவி வால்வைப் பாருங்கள். என்னைக் கேட்டால் சீல் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை வெளியேற்றும் இந்த வழி அடைத்துவிட்டால், உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். ஐடிலில் ஆயில் மூடியை மெல்லத் திறந்தால், உள்ளிருந்து காற்று புஸ் புஸ் என்று தள்ளுவது கையில் தெரியும். தேய்ந்த ரிங்கும் இதே அழுத்தத்தைக் கொடுக்கும். அதனால் வால்வும் ஹோஸும் சுத்தமாக இருந்தும் காற்று தள்ளினால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, பார்க்காமல் விடக்கூடாது. மூடியை எடுக்கவே முடியாதபடி உறிஞ்சி, விசில் சத்தமும் வந்தால் வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்போது ஆயில் இன்டேக் வழியாக உள்ளே போய் எல்லா பிளக்கின் எலக்ட்ரோடையும் நனைக்கும். ரிங் என்று தவறாக முடிவு கட்டப்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

எலக்ட்ரோடு பக்கம் நனைந்திருந்து, பிசிவியும் சரியாக இருந்தால், போட்டி வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலுக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் இடையில். புகை வரும் நேரத்தைக் கவனியுங்கள். இரவு நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால், சந்தேகம் வால்வ் சீல் மேல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி இழுக்கும்போதெல்லாம் நீலமாகத் தள்ளினால் ரிங். கம்ப்ரஷன் டெஸ்ட்டில் அளவு குறைவாக வந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் உட்காரும் இடத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் வால்வ் சீல் இந்த டெஸ்ட்டில் மாட்டவே மாட்டாது. அது கம்ப்ரஷனைத் தாங்கும் உறுப்பு அல்ல. கம்ப்ரஷன் நன்றாக இருந்து ஆயிலும் குறைகிறது என்றால், ஹெட்டை இறக்காமலே வால்வ் சீல் மாற்ற முடிகிற இன்ஜின்கள் நிறைய உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் பேசுங்கள்.

ஆயிலில் கலந்து யூவி விளக்கில் பார்க்கும் சாயம் தேவையா? குழிக்குள் இருக்கும் லீக்குக்குத் துடைத்துவிட்டுக் காத்திருப்பதே போதும். இன்ஜினின் வெளிப்பக்கம் முழுக்க நனைந்து, எங்கே ஆரம்பம் என்றே தெரியாதபோது சாயம் உதவும்.

சில பிளாஸ்டிக் கவர்களில் சீல் தனியாகக் கிடைக்காது, கவரோடுதான் வரும். பழைய கவர் சூட்டில் வளைந்திருந்தால் எப்படியும் புதுக் கவர்தான். தனிச் சீல் கிடைத்து, கவரும் நேராக இருந்தால் சீல் மட்டும் போதும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அந்த இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட டார்க்கில் முடுக்க வேண்டும். பல இன்ஜின்களில் அது 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய சின்ன அளவுதான். லீக் நிற்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் இறுக்கினால் பேக்கிங் பிதுங்கும், கவரில் விரிசல் விழும்.

லீக் நின்ற பிறகும் இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் திணறினால், ஆயிலில் ஊறி உப்பிய காயில் ரப்பரைச் சந்தேகியுங்கள். ஸ்கேனரில் இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஸிங்கைக் காட்டும் பி0302 என்ற பிழைக் குறியீடு வருகிறது என்றால், அந்தச் சிலிண்டரின் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 ஆக மாறினால் அந்தக் காயிலையோ அதன் ரப்பரையோ மாற்ற வேண்டியதுதான். பி0302 அப்படியே நின்றால் அடுத்து இரண்டாம் சிலிண்டரின் பிளக்.