வில் நுனிக்கு எதை ஒட்டலாம்: கொம்பா, கருங்காலியா, ஹைலமா?

கையால் செதுக்கிய மர வில்லை எடுத்துப் பார்ப்பவர்களின் விரல் முதலில் போவது அதன் நுனிக்குத்தான். இலக்கைப் பார்த்திருக்கும் முதுகுப் பக்கத்தில் வேறு நிறத்தில் ஒரு சின்னத் துண்டை ஒட்டி, நாண் உட்காரும் காடியை அதிலேயே வெட்டியிருப்பார்கள். டிப் ஓவர்லே என்பார்கள். இங்கே நுனிப்பட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒட்டும்போது 4 செ.மீ. நீளம், 5 அல்லது 6 மி.மீ. தடிமன் இருக்கும். ராவி முடித்தபின் அதில் பாதிகூட மிஞ்சாது.

இது வெறும் அலங்காரம் என்றால் எதை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். ஆனால் நாண் மாறிவிட்டது. பழைய டாக்ரான் (பாலியஸ்டர்) நாண் கொஞ்சம் நீண்டுகொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இப்போதைய டைனீமா என்ற செயற்கை இழை வகை நாண் நீளாது, மெல்லியது வேறு. மூங்கில் வில்லிலோ மென்மர வில்லிலோ வெறும் மரத்தில் காடி வெட்டி அதை மாட்டினால் அறுத்துக்கொண்டு இறங்கும். மூங்கிலில் அந்த இடத்திலிருந்து நார்வாக்கில் பிளவும் ஓடும். அதைத் தடுக்கத்தான் கெட்டியான துண்டு. அழகு அதோடு வருகிற லாபம்.

புத்தகப்படி ராஜா எருமைக் கொம்புதான். இங்கிலாந்தின் பழைய நெடுவில்களுக்குக் கொம்பு நுனிதான் போட்டார்கள். கெட்டியானது, பிளவுபடாது, ராவ ராவக் கண்ணாடிபோல் மினுங்கும். பச்சைக் கொம்பு வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் எலும்பைக் கழற்ற வேகவைக்க வேண்டும், அல்லது வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அந்த யோசனையையே விட்டுவிடலாம். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயர் வந்துவிடும். கொம்பு, எலும்பு வேலைக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்தின் சம்பலிலிருந்து கத்திப் பிடிக்கென்று அறுத்த துண்டுகள் வருகின்றன, அது போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: கொம்பின் திண்ணமான முனையிலிருந்து அறுத்ததா, குழல் பகுதியைச் சூடாக்கி அழுத்தித் தட்டையாக்கியதா? தட்டையாக்கியதற்குப் பழைய வளைவு மறக்காது. வெயில் காலத்தில் பலகைமாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தைக் குடித்ததும் ஓரம் தூக்க ஆரம்பிக்கும், பசையும் கூடவே கழன்று வரும். முனைத் துண்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கொம்பும் மயிரும் ஒரே கெராட்டின்தான். அதனால் அரம் போடும்போது முடி கருகும் நாற்றம் அடிக்கும், கம்பளி அரிக்கும் பூச்சி இதையும் அரிக்கும். 1545-ல் மூழ்கி 1982-ல் கரையேற்றப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. மரம் அப்படியே இருந்தது. கொம்பு நுனிகள் ஏறக்குறைய எல்லாமே அழிந்து, அவை இருந்த இடத்தில் நிறம் மாறிய தடம் மட்டும் மிச்சம். நம் வில் கடலுக்குள் போகப் போவதில்லை என்றாலும், கொம்பு போட்டால் அவ்வப்போது மெழுகு பூசுவது நல்லது.

மான்கொம்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கிண்டிப் பக்கம் புள்ளிமான் உதிர்த்த கொம்பு கிடக்கிறதே, எடுத்தால் என்ன என்பார்கள். எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உதிர்ந்த கொம்புக்கும் விலக்கு இல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் அதைப் போட்டு அழகழகாகக் காட்டுவார்கள், பார்த்துவிட்டுப் போய்விடுங்கள்.

மரங்களில் கருங்காலிதான் முதல் போட்டியாளர். கறுப்பும் மினுமினுப்பும் கிட்டத்தட்டக் கொம்பு தரும் அளவுக்குத் தரும், நாற்றம் கிடையாது. ஆனால் மாலை மோகம் வந்தபின் கருங்காலி என்ற பெயரில் சாயம் போட்ட மரமும் சேர்ந்து விற்கிறது. அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால், புதிதாக அறுத்த பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் மை மாதிரி இறங்கினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஈட்டி மரமும் நன்றாகவே தாங்கும். பழைய கட்டில் கால், நாற்காலிக் கை என்று தச்சுப் பட்டறை மிச்சத்தில் கேட்டால், விரல் நீளத் துண்டு சும்மாவே கொடுத்துவிடுவார்கள். பனை வைரம் பார்க்கப் பிரமாதம், கறுப்பு நாருக்கிடையே வெளிர் கோடுகள். ஆனால் காடி வெட்டும் இடத்தில் நார் நாராகப் பிய்ந்து நாணைக் கடிக்கும். சிரட்டை கெட்டிதான். தட்டையான துண்டு எடுப்பதற்குள் பாதி தடிமன் போய்விடும், அதனால் இரண்டு மரங்களுக்கு நடுவே மெல்லிய கோடாக வைக்க மட்டும் சரி.

என்னைக் கேட்டால், தினமும் எய்யும் வில்லுக்கு இவை எல்லாவற்றையும்விட ஹைலம்தான். காகிதத்தையோ துணியையோ அடுக்கி, பிசின் ஊற்றி அழுத்திய கெட்டித் தகடு அது. பழைய வீடுகளில் சுவிட்ச்போர்டுக்கு மேல் திருகியிருக்கும் பழுப்பு ஷீட் நினைவிருக்கிறதா? அது காகித அடுக்கு வகை, ஓரம் பொரிந்து உதிரும், வேண்டாம். பாரிமுனைப் பக்கத்து இன்சுலேஷன் கடைகளில் துணி அடுக்கு வகை என்று கேளுங்கள். பல்சக்கரத்துக்கும் புஷ்ஷுக்கும் வாங்கிப் போவது அது. மழை, வெயில், பூச்சி எதுவும் அதை அசைக்காது. பார்க்கச் சப்பையாக இருக்கும் என்பவர்கள் அதைச் சரித்து ராவிப் பார்த்ததில்லை. சரிவில் துணி அடுக்குகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, இழைத்த தேக்கின் ரேகைபோல் வளைவு வளைவாகக் கோடு எழும். அடியில் வெள்ளை சன்மைக்காவை இருபுறமும் சொரசொரப்பாக்கி ஒட்டினால் பழுப்புக்கும் மரத்துக்கும் நடுவே பளிச்சென்று ஒரு கோடு கிடைக்கும். சர்க்யூட் போர்டு செய்யும் பச்சைக் கண்ணாடி இழைத் தகடும் இதே பலம்தான். ஆனால் அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, அரத்தையும் மொட்டையாக்கிவிடும். ஹைலம் ராவும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

எடையை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நுனி கனத்தால் அம்பு வேகம் குறையும், உண்மைதான். ஆனால் கொம்பு ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 1.3 கிராம், ஹைலமும் கிட்டத்தட்ட அதேதான், கண்ணாடி இழை 1.8 கிராம் பக்கம். வடிவம் கொடுத்தபின் மிஞ்சுவது ஒன்றரை, இரண்டு கன செ.மீ. வித்தியாசம் ஒரு கிராம்தான். கட்டையாக விட்ட நுனியைக் கூர்மையாக ராவினால் அதைவிட அதிகம் குறையும்.

எதை எடுத்தாலும் கழன்று வருவது பெரும்பாலும் ஒட்டும் இடத்தில்தான். நுனியின் முதுகை அரத்தால் சமதளமாக்கி, வில் வளையத் தொடங்கும் இடத்துக்கு முன்பே சரிவை முடித்துவிட வேண்டும்; வளையும் பகுதியில் முதுகு நாரை வெட்டினால் வில்லே அங்கிருந்து பிளந்துபோகும். இரண்டு பக்கமும் 80-ஆம் நம்பர் உப்புத்தாள் போதும், வழவழப்பாக்க வேண்டாம். கருங்காலி, ஈட்டி இரண்டிலும் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். ஃபெவிக்விக் வகை பசை, துண்டை நேர்படுத்துவதற்குள் இறுகிவிடும். தட்டினால் விண்டும் போகும். மெதுவாக இறுகும் அரால்டைட்தான் என் தேர்வு. அது வழுக்கும், அதனால் முதலில் செல்லோடேப்பால் துண்டை இருத்தி, அப்புறம் பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாகக் கிழித்துச் சுற்றுங்கள். கிளாம்ப் போட்டு நெரித்தால் பசை முழுக்க வெளியே பிதுங்கி நடுவில் ஒன்றும் இருக்காது.

அரால்டைட்டுக்கும் எதிரி உண்டு. 60 டிகிரியை நெருங்கினால் இளக ஆரம்பிக்கும், அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். வில்லைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பழைய பட்டையை மாற்ற வேண்டுமென்றால் அதே குணம் உதவும்: ஹேர் டிரையரை நுனியில் காட்டி, மெல்லிய கத்தியை இடையில் செருகினால் மரத்துக்குச் சேதமில்லாமல் பெயர்ந்து வரும்.