போன் திருட்டத் தடுக்குற ஆப்பும் அதுக்கு வர்ற சிவப்பு எச்சரிக்கையும்: வெளியில இருந்து ஏத்துறதா, உள்ளயே இருக்குறதா?

சித்திரைத் திருவிழா நெருங்குனா மதுரைல செல்போன் கடைக்காரங்ககிட்ட "அண்ணே, போன் காணாமப் போனா கண்டுபிடிக்கிற ஆப் ஒண்ணு ஏத்தி விடுங்கண்ணே"ன்னு கேக்குற ஆளு கூடிரும். அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு அந்தக் கூட்டத்துல கை ரெண்டும் மேல, போன் மட்டும் சட்டைப் பையில, அதனால கேக்குறது நியாயம்தான். ஆனா ஆப்ப ஏத்துன உடனே ப்ளே ப்ரொடெக்ட் (போன்ல ஏத்துற ஆப்ப சோதிக்கிற கூகுளோட காவல்காரன்) வந்து "இது ஆபத்தான ஆப்"னு சிவப்புல நிக்கும், கடைக்காரர் "அது அப்படித்தான் தம்பி சொல்லும், அத ஆஃப் பண்ணிருவோம்"பார். அந்த எடத்துலதான் கொஞ்சம் நிதானிக்கணும்.

அந்த எச்சரிக்கை பொய் சொல்லல. திருட்டப் பிடிக்கிற ஆப் என்ன செய்யும்? ஐகான ஒளிச்சு வைக்கும், எந்நேரமும் லொகேஷன் பாக்கும், எஸ்எம்எஸ் படிக்கும், சத்தமில்லாம போட்டோ எடுக்கும், அழிக்க விடாது. பொண்டாட்டி போன வேவு பாக்குறவன் போடுற ஆப்பும், பேங்க் காசத் திருடுறவன் அனுப்புற ஆப்பும் இதே வேலையத்தான் செய்யுது. ஆப்போட மனசுல என்ன இருக்குன்னு கூகுளுக்குத் தெரியாதுல்ல, அது கேக்குற அனுமதியப் பாத்துதான் சொல்லும். செர்பரஸ்னு ஒரு பழைய திருட்டுத் தடுப்பு ஆப் உண்டு, 2019ல அதே பேர்ல பேங்க் காசத் திருடுற டிரோஜன் (நல்ல ஆப் மாதிரி வேஷம் போடுற வைரஸ்) ஒண்ணு கெளம்புச்சு, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனா பேர மட்டும் பாத்து ஏபிகே (ப்ளே ஸ்டோருக்கு வெளிய நேரா எறக்குற ஆப் ஃபைல்) தேடுறவங்க கதி என்னன்னு யோசிச்சுக்கங்க.

சரி, ஒவ்வொண்ணா வைப்போம். மொதல்ல வெளிய இருந்து ஏபிகேவா எறக்குற ஆப். இதுக்கு ஒரு காலத்துல மவுசு இருந்துச்சு, திருடன் சிம்ம மாத்துனா புது நம்பர்ல இருந்து நமக்கு மெசேஜ் வரும், தப்பான பின் போட்டா அவன் மூஞ்சிய போட்டோ எடுத்து மெயில்ல அனுப்பும். 2018 கடைசில எஸ்எம்எஸ், கால் லாக் அனுமதிக்கு கூகுள் கட்டுப்பாடு போட்டாங்க, அதுக்கப்புறம் இந்த வேலையெல்லாம் ப்ளே ஸ்டோருக்குள்ள கஷ்டமாயிருச்சு. அதோட ஆண்ட்ராய்டு 9ல இருந்து பின்னாடி ஓடுற ஆப் திருட்டுத்தனமா கேமராவத் தொட முடியாது, 10ல இருந்து ஐகான ஒளிக்கிறதும் முன்ன மாதிரி நடக்காது, 12ல கேமரா ஓடுனா மேல பச்சைப் புள்ளி எரியும். ஆக எதுக்காக இந்த ஆப்ப ஏத்துறோமோ அதுல பாதி புது போன்ல ஒழுங்கா ஓடாது, ஆனா அனுமதி மட்டும் முழுசா வாங்கிக்கும். அதுலயும் பவர் ஆஃப் பண்ண விடாம தடுக்குறேன்னு அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்டா உஷாராயிருங்க, அதக் குடுத்தா திரையில ஓடுறதப் படிக்கலாம், நமக்குப் பதிலா தட்டவும் செய்யலாம். சில பேங்க் ஆப் அது ஆன்ல இருந்தா தொறக்கவே மாட்டேங்குது, அதுக்கும் காரணம் இதான். இப்ப 2024ல இருந்து சிங்கப்பூர்ல ஆரம்பிச்சு இந்தியாவுக்கும் வந்த ஏற்பாட்டுல, பிரவுசர், வாட்ஸ்அப் வழியா எறக்குற ஆப் எஸ்எம்எஸ்ஸோ அக்சஸிபிலிட்டியோ கேட்டா ப்ளே ப்ரொடெக்ட் நேரா தடுத்துரும். அத ஆஃப் பண்ணிட்டு ஏத்துறது, திருடனுக்குப் பயந்து வாசக் கதவக் கழட்டி வைக்கிற மாதிரி. என் ஓட்டு இதுக்குக் கெடையாது, கிராக் பண்ண ப்ரோ வெர்ஷனுக்கு சுத்தமா கெடையாது.

அடுத்து ப்ளே ஸ்டோர்லயே இருக்குற வெளி ஆப்புங்க. ப்ரே மாதிரி ரொம்ப வருஷமா இருக்குறது, நிரலும் வெளிப்படையா இருக்கு, லேப்டாப்பு போனு ரெண்டையும் ஒரே எடத்துல பாக்கலாம். இதுலயும் எச்சரிக்கை வரும், ஆனா வேற மாதிரி: "டிவைஸ் அட்மின் ஆக்கவா", "எப்பவும் லொகேஷன் குடுக்கவா"ன்னு. போன லாக் பண்ணவும் அழிக்கவும் அட்மின் வேணும்தான், அதனால அது ஞாயமான கேள்வி, படிச்சுட்டுக் குடுக்கலாம். நாலஞ்சு லேப்டாப் வச்சு டியூஷன் சென்டரோ ஆபீஸோ நடத்துறவங்களுக்கு இது சரி. ஒத்த போனுக்கு நான் மெனக்கெட மாட்டேன்.

ஏன்னா மூணாவது ஆளு ஏற்கனவே போனுக்குள்ள உக்காந்திருக்கான். தொலைஞ்ச போனத் தேடுற கூகுளோட சொந்த வசதிதான் அது, ஃபைண்ட் மை டிவைஸ்னு இருந்தத 2025ல ஃபைண்ட் ஹப்னு பேர் மாத்துனாங்க. செட்டிங்ஸ்ல டிவைஸ் அட்மின் பட்டியல்ல இது நிக்கும், அதப் பாத்து வைரஸ்னு ஆஃப் பண்ற ஆளுங்களும் உண்டு, பண்ணிராதீங்க. எச்சரிக்கை எதுவும் வராது, புதுசா யாருக்கும் சாவி குடுக்கல, கூகுள்கிட்ட ஏற்கனவே இருக்குறதுதான். அது புடிக்கலைன்றவங்க இருக்காங்க, அவங்க கவலைலயும் அர்த்தம் இருக்கு, ஆனா ஆண்ட்ராய்டு போன்ல ஜிமெயில் போட்டு வச்சுட்டு முகந்தெரியாத ஒருத்தர்கிட்டயும் சாவி குடுத்தா ரெண்டு பேராச்சே ஒழிய ஒருத்தர் குறையலையே.

இதுல ஒரு செட்டிங் முக்கியம். நெட் இல்லாட்டியும் பக்கத்துல இருக்குற மத்த ஆண்ட்ராய்டு போனுங்க வழியா நம்ம போன் எங்க இருக்குன்னு காட்டும், ஆனா வரும்போது அது "கூட்டம் அதிகமுள்ள இடங்கள்ல மட்டும்"னுதான் இருக்கும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல அது போதும். உசிலம்பட்டி தாண்டி ஒரு கெராமத்துக்குள்ள போன் போயிட்டா நாலு போன் பக்கத்துல இருக்காது, அதனால "எல்லா இடங்களிலும்"னு மாத்தி வச்சுருங்க. அப்பறம் 2024ல வந்த தெஃப்ட் ப்ரொடெக்ஷன், ஆண்ட்ராய்டு 10க்கு மேல உள்ள பெரும்பாலான போன்ல இருக்கும். பைக்ல வந்து கையில இருந்து புடுங்கிட்டுப் போனா அந்த ஆட்டத்த வச்சு தானா லாக் ஆகும். ரிமோட் லாக் ஆன் பண்ணி வச்சா ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக்ல போன் நம்பர அடிச்சே லாக் பண்ணலாம். பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாத எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்கு இதான் வரம், ஏன்னா ஜிமெயிலுக்குள்ள போகலாம்னா ஓடிபி திருட்டுப் போன சிம்முக்கேல்ல போகும்.

கொறை என்னன்னா, போன ஆஃப் பண்ணிட்டா பெரும்பாலான ஆண்ட்ராய்டுல கடைசியா இருந்த எடம்தான் தெரியும். அதுல ஐபோன் ஒரு படி மேல, ஆஃப் பண்ணாலும் புது மாடல்கள்ல தேடலாம், 2024 ஜனவரில வந்த ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷன் ஆன் பண்ணிருந்தா பாஸ்கோடு தெரிஞ்ச திருடன்கூட வெளியிடத்துல வச்சு ஆப்பிள் பாஸ்வேர்ட ஒடனே மாத்த முடியாது. சாம்சங்ல லாக் ஸ்க்ரீன்ல இருந்து நெட்ட ஆஃப் பண்ண விடாம ஒரு செட்டிங் இருக்கு, அதப் போட்டு வைங்க.

இதெல்லாம் தேடுறதுக்கு. போன ஒண்ணுக்கும் உதவாம ஆக்குறது மத்திய அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி வெப்சைட், 2023 மே மாசம் வந்துச்சு. ஸ்டேஷன்ல புகார் குடுத்து நகல் வாங்கிக்கங்க, அதே நம்பர்ல டூப்ளிகேட் சிம் எடுத்தா ஓடிபி வரும், ஐஎம்இஐங்கிற போனோட அடையாள நம்பர் குடுத்து பிளாக் பண்ணா இந்தியாவுல எந்த சிம் போட்டாலும் அந்தப் போன் ஓடாது. எந்த ஆப்பும் வேணாம், எந்த எச்சரிக்கையும் வராது, ஆனா ஐஎம்இஐ கையில இருக்கணும், இன்னைக்கே *#06# அடிச்சு ஒரு நோட்டுல எழுதி வீட்ல வைங்க.

லாக் ஸ்க்ரீன்ல "இந்த நம்பருக்குக் கூப்புடுங்க"ன்னு வீட்டு நம்பர் போட்டு வச்சீங்கன்னா, ரெண்டு மூணு நாள் கழிச்சு "உங்க போன் கெடைச்சிருச்சு, லிங்க அமுக்குங்க"ன்னு அந்த நம்பருக்கு மெசேஜ் வர வாய்ப்பிருக்கு. அது திருடன் பாஸ்வேர்டு கேக்குறது. வீட்ல அம்மாகிட்ட இத முன்னாடியே சொல்லி வச்சுருங்க, அவங்கதான் சந்தோசத்துல அமுக்கிருவாங்க.