வினைச்சொல்லும் முன்னிடைச்சொல்லும்: ஓர் அகராதியோடு 11 ஆண்டுகள்

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கடிதங்கள் எழுதும் பணியில் சேர்ந்த புதிதில், நான் எழுதிய 'டிஸ்கஸ் அபவுட்' என்பதை மேலாளர் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தார், காரணம் சொல்லவில்லை. அந்தக் காரணத்தைத் தேடித்தான் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியை வாங்கினேன். 11 ஆண்டுகளாக அது என் மேசையை விட்டு அகலவில்லை.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம்முடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து தொகுத்து, 1942இல் அங்கேயே வெளிவந்த அகராதியின் வழிவந்தது இது. பொருளைத் தருவதோடு நில்லாமல், ஒரு வினைச்சொல் எந்த முன்னிடைச்சொல்லை ('டு', 'வித்' போன்ற 'ப்ரெபொசிஷன்') ஏற்கும் என்பதையும் தடித்த எழுத்தில் காட்டுகிறது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லின் கீழ், அதனோடு 'அபவுட்' சேர்க்கக் கூடாது என்ற குறிப்பே இருக்கிறது.

'திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் நினைத்து எழுதும் கை, அந்தப் 'பற்றி'க்கு ஒரு சொல்லைத் தேடத்தான் செய்யும். 'பாட்டைக் கேட்டேன்' என்பதில் இரண்டாம் வேற்றுமை வருவதால், 'லிசன்' என்பதற்குப் பின் 'டு' விடுபட்டுப்போகிறது. 'எனக்குக் கொடுத்தார்' என்பது 'கேவ் மீ' ஆகும்போது, 'எனக்கு விளக்கினார்' என்பது மட்டும் 'எக்ஸ்ப்ளைன்ட் டு மீ' ஆக வேண்டும் என்பதை எந்தத் தமிழ் உருபும் நமக்குச் சொல்லித் தராது.

எனக்கு மிகுதியாக உதவியது 'அக்ரி' என்ற சொல்லின் பகுதி. ஒருவருடைய கருத்தோடு ஒத்துப்போனால் 'வித்', முன்வைக்கப்பட்ட நிபந்தனைக்கு இசைந்தால் 'டு', இரு தரப்பும் பேசி ஒன்றை முடிவு செய்தால் 'ஆன்'. வாடிக்கையாளர் கேட்ட விலைக்குறைப்புக்கு இசைகிறோம் என்று தெரிவிக்க வேண்டிய இடத்தில் நான் ஒருமுறை 'வித்' எழுதிவிட, நீங்கள் எங்கள் கருத்தை ஏற்கிறீர்களா, விலையைக் குறைக்கிறீர்களா என்று கேட்டு மறுநாள் மின்னஞ்சல் வந்தது. ஒரே ஓர் இடைச்சொல் பணத்தையே ஐயத்துக்கு உள்ளாக்கியதை அன்று கண்டேன்.

குறைகளும் உண்டு. 'ரெக்வெஸ்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஃபார்' ஏற்கும்; வினைச்சொல்லாக வந்தால் ஏற்காது. நாம் அடிக்கடி தவறும் இந்த வேறுபாட்டை இரண்டு தனிப் பகுதிகளை ஒப்பிட்டு நாமே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய தடை, ஐயம் எழுந்தால்தானே அகராதியைத் திறப்போம் என்பது. 'கோப் அப் வித்' என்பதைப் பல ஆண்டுகள் சரியென்றே எழுதிவந்தேன். அதில் 'அப்' கிடையாது என்பதை வேறொரு சொல்லைத் தேடும்போது தற்செயலாகத்தான் கண்டேன். அதன்பின், கடிதத்தை அனுப்புமுன் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஐயமற்றவை உட்பட ஒவ்வொன்றையும் பார்த்துவிடுகிறேன்; ஒரு பக்கக் கடிதத்துக்கு 10 நிமிடம் ஆகிறது.