பிக்கப்பில் ஸ்டெபிலைசர் பார்: கழற்றியும் மாட்டியும் ஓட்டிய அனுபவம்

முன்பக்க ஸ்டெபிலைசர் லிங்க் மறுபடியும் போய்விட்டது. ஸ்டெபிலைசர் பார் என்பது இரண்டு முன்சக்கரங்களையும் இணைத்து, திருப்பத்தில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் இரும்புக் கம்பி. அதன் முனையைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் சிறு தண்டுதான் லிங்க். வேகத்தடை ஏறினால் டக், வாய்க்கால் பாலத்தில் இறங்கினால் டக். புதுசு மாட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே நீடாமங்கலத்திலிருந்து சித்தப்பா மகன் போன் செய்கிறான்: "அண்ணே, அந்த பாரைக் கழட்டிப் போட்டுட்டா வயக்காட்டுல வண்டி நல்லா போகும்ங்கிறாங்களே, நானும் கழட்டிடவா?" அவனுடையதும் என்னுடையது போலவே ஃபோர் வீல் டிரைவ், டபுள் கேபின் பிக்கப். வயலுக்கும் அதுதான், குடும்பத்தோடு ஊருக்குப் போகவும் அதுதான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரு சம்பா பட்டம் முழுக்க பாரைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறேன். வயல் கரையில் அது வேறு வண்டி. டிராக்டர் போன தடம் காய்ந்து இறுகிய பிறகு நம் பக்கத்துக் களிமண் எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரு சக்கரம் பள்ளத்தில், மறு சக்கரம் மேட்டில். பார் இருந்தால் ஒரு சக்கரத்தின் அசைவு மற்றதையும் இழுக்கும், கேபினே இடமும் வலமும் ஆடும். பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தலை கண்ணாடியில் இடிக்கும். பார் இல்லாவிட்டால் அந்தச் சக்கரம் தன்பாட்டுக்கு இறங்கி ஏறும். மேல்கைப்பிடியைப் பிடிக்காமல் அம்மா களத்துமேடு வரை பேசிக்கொண்டே வந்தது அந்தப் பட்டத்தில்தான். இந்த வண்டி வாங்கியதிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சேற்றில் வண்டி கூடுதலாக ஏறுமா என்றால், பெரிதாக இல்லை. முன்னும் பின்னும் கட்டை ஆக்சில் (இரு சக்கரமும் ஒரே தண்டில்) உள்ள ஜீப்பில் பாரைப் பிரித்தால் சக்கரம் நன்றாகத் தொங்கும். நம் வண்டியில் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் தனித்தனியாகத் தாங்கும் அமைப்பு. சக்கரம் எவ்வளவு இறங்கலாம் என்பதை ஆர்மும் ஷாக்கின் நீளமும் முடிவு செய்கின்றன. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், அங்கே பாரே கிடையாது. நடவுச் சேற்றில் மாட்டினால் பார் இருந்தாலும் மாட்டும், இல்லாவிட்டாலும் மாட்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி லோ கியரில் மெதுவாக எடுப்பது அதைவிடப் பலன் தரும்.

அப்புறம் ரோடு. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் நெடுஞ்சாலையில் நேராகப் போகும்வரை வித்தியாசமே தெரியாது. எதிரே பைக் குறுக்கே வந்து, ஸ்டியரிங்கை ஒருபக்கம் ஒடித்து உடனே மறுபக்கம் திருப்பும்போதுதான் தெரியும். முதல் சாய்விலிருந்து பாடி நிமிர்வதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். அந்த இரண்டாவது ஆட்டம் பயங்கரம். பின்னால் 40 கிலோ நெல் மூட்டைகளை உயரமாக அடுக்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது இன்னும் மோசம். வேதாரண்யம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கக் காற்று அடித்தாலும் அப்படித்தான்.

அதற்காகத் தடியான பார் போடுகிறேன் என்றும் கிளம்பாதே. பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 25 மி.மீ. பாருக்குப் பதில் அதே அமைப்பில் 28 மி.மீ. போட்டால் விறைப்பு சுமார் 57 சதவீதம் கூடிவிடும். கரையில் ஆட்டமும் அதற்கேற்பக் கூடும். பின்பக்கம் புதிதாக ஒன்று மாட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். காலி வண்டி, மழை ஈரம், வளைவு, மூன்றும் சேர்ந்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

என் ஆத்திரமெல்லாம் லிங்க் மேல்தான். அதன் பந்து மூட்டுக்கு மேல் இருக்கும் ரப்பர் உறை டவுனில் ஓடும் காருக்குப் போடுகிற மாதிரி மெல்லியது. வைக்கோலும் களியும் ஒட்டிக் காய்ந்தால் உறை கிழியும், சேறும் தண்ணீரும் உள்ளே போகும், மூட்டு ஆட்டம் கண்டுவிடும். வயலிலிருந்து வந்ததும் சேறு காய்வதற்குள் கழுவினால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். மாற்றும்போது வண்டி சமதளத்தில், இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பார் முறுக்கிக்கொள்ளும், போல்ட் வரவே வராது. மெக்கானிக் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தால் இதைச் சொல்லி நிறுத்து.

ஆகவே தம்பி, கழற்றாதே. கரையில் கிடைக்கும் அந்தச் சுகத்தை நான் மேலே எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் சரி, பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ வாரம் தவறாமல் தஞ்சாவூர் போகிறவன். அறுப்புக் காலத்துக்கு மட்டும் என்று பிடிவாதமாக நின்றால், இரண்டு லிங்கையும் எடுத்துவிடு. பாரின் முனைகளை டயரிலோ பிரேக் குழாயிலோ உரசாதபடி மேலே இழுத்துக் கட்டு. மெயின் ரோட்டுக்கு ஏறாதே. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் இதையும் கேட்பார்.

ஜீப் ராங்லர் ரூபிகானில் 2007 முதலே ஒரு பட்டனை அழுத்தினால் முன்பக்க பார் பிரிந்துகொள்ளும், வேகம் எடுத்தால் தானே சேர்ந்துகொள்ளும். நமக்கு மோட்டார்கூட வேண்டாம். கையால் உருவிப் போடுகிற ஒரு பின், தடிமனான ஒரு ரப்பர் உறை போதும். டாஷ்போர்டில் அத்தனை பெரிய திரை வைக்கத் தெரிந்த வண்டிக் கம்பெனிக்காரர்களுக்கு இதைச் செய்ய என்ன செலவாகிவிடும்?